துளை எழுத்து முத்திரைகள்: கண்டித் தோட்டக் காலத்தின் தபால் சான்று

தபால் முத்திரையின் ஓரங்களில் உள்ள பற்கள், பெருந்தாளிலிருந்து அதைக் கிழித்தெடுப்பதற்காக இட்ட துளைகளின் மிச்சம். சில பழைய முத்திரைகளில் ஓரங்களைத் தவிர நடுப்பகுதியிலும் குண்டூசி முனையளவான துளைகள் இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் அத்துளைகள் இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அவை ஒரு வங்கியின் அல்லது வணிக நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம். முத்திரையை விலை கொடுத்து வாங்கிய கம்பனி, அது தன் உடைமை என்று காட்டுவதற்காகக் கடிதத்தில் ஒட்டுமுன்னரே குத்திவைத்த அடையாளம் அது.

இத்தகைய முத்திரைகள் இலங்கையில் விக்டோரியா மகாராணியின் காலந்தொட்டு ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் காலம் வரை புழங்கின. நெடுங்காலமாகச் சேகரிப்போரில் பெரும்பாலோர் இவற்றைப் பழுதுபட்டவை என்று ஒதுக்கினர். இன்று இவற்றைத் தனியாகத் தேடிச் சேர்ப்போர் உலகெங்கும் உள்ளனர். கண்டியையும் அதைச் சூழ்ந்த மலைநாட்டையும் அறிய விரும்புவோருக்கு இம்முத்திரைகள் முக்கியமானவை. கோப்பியும் தேயிலையும் இந்நகரத்தில் உருவாக்கிய வணிக உலகம் கடிதத்தால் இயங்கியது. அந்தக் கடிதங்களை எழுதியது யார் என்பதற்கு, உறையும் தாளும் அழிந்தபின் எஞ்சி நிற்கும் சான்று இந்தத் துளைகளே.

களவும் காப்பும்

1840 இல் பிரித்தானியாவில் முதல் தபால் முத்திரை வெளியானபோது புதுவகைப் பணம் ஒன்றும் பிறந்துவிட்டது. ஒட்டாத முத்திரையை எவரும் வாங்குவர், எவரும் விற்பர். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கடிதம் அனுப்பும் நிறுவனங்கள் முத்திரைகளைத் தாள் தாளாக வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தன. அங்கிருந்து சில முத்திரைகள் காணாமற்போனால் யார் எடுத்தார் என்று அறிய வழியில்லை. பிரித்தானியத் தபாற்கந்தோர்களே சிறு கழிவுடன் முத்திரைகளைத் திரும்ப வாங்கிக் காசு கொடுத்ததால், எடுத்தவருக்கு அதை மாற்றுவதும் எளிதாக இருந்தது.

முதலில் கண்ட மாற்றுவழி, முத்திரையின் மேல் பெயரை அச்சிடுவது. ஒக்ஸ்போர்ட் மாணவர் சங்கம் 1859 முதல் சிவப்பு நிற ஒரு பென்னி முத்திரைகளின் மேல் தன் பெயரின் முதலெழுத்துகளை அச்சிட்டுப் பயன்படுத்தியது. நிலையான தீர்வைத் தந்தவர் ஜோசப் ஸ்லோப்பர் என்னும் லண்டன்காரர். தாள்களில் எழுத்துகளையும் எண்களையும் துளையாகக் குத்தும் இயந்திரத்துக்கு அவர் 1858 இல் காப்புரிமை பெற்றார். காசோலைகளிலும் பயணச்சீட்டுகளிலும் மோசடியைத் தடுக்கவென எழுந்த அந்த இயந்திரம், முத்திரைகளுக்கும் பொருந்தியது. 1868 மார்ச்சில் பிரித்தானியத் தபால் திணைக்களம் இம்முறையை ஏற்றது. துளையிட்ட முத்திரை கடிதத்துக்குச் செல்லும், ஆனால் எந்தத் தபாற்கந்தோரும் அதைத் திரும்ப வாங்காது என்பது ஏற்பாடு. களவாடினாலும் காசாக்க முடியாத பொருளாக முத்திரை மாறியது. ஜெர்மனியில் 1876 ஆம் ஆண்டளவிலும், ஐக்கிய அமெரிக்காவில் 1908 இலும் இம்முறை வழக்குக்கு வந்தது.

ஆசியத் துறைமுக நகரங்களில் இன்னோர் அச்சமும் இருந்தது. கந்தோரிலிருந்து தபாற்கந்தோருக்குக் கடிதம் போகும் வழியிலேயே முத்திரையை உரித்தெடுத்து விற்றுவிடுவர் என்று கம்பனிகள் அஞ்சின. ஹொங்கொங்கில் பல நிறுவனங்கள் முத்திரையும் உறையும் சேரும் இடத்தில் தம் பெயர்ச் சின்னத்தை மையால் பதித்தன. எழுத்துத் துளை இரு கவலைக்கும் ஒரே மருந்தாயிற்று. மை பதிக்கக் கடிதத்துக்குக் கடிதம் கை வேண்டும். துளையோ முத்திரைத் தாள் கந்தோருக்கு வந்த அன்றே இட்டு முடிந்துவிடும்.

கருவியின் அமைப்பு எளிமையானது. எழுத்து வடிவில் உருக்கு ஊசிகளை நிறுத்திய ஓர் அச்சு. ஊசிகள் நுழைந்து செல்லத் துளைகள் கொண்ட அடித்தட்டு. அச்சை இறக்கும் நெம்புகோல். முத்திரைத் தாளை இரண்டாக, நான்காக மடித்து இடையே செருகி நெம்புகோலை அழுத்தினால் பல அடுக்குகளில் ஒரே வேளையில் துளை விழும். பெரிய நிறுவனங்களின் இயந்திரங்களில் ஒரே அச்சுக்கட்டையில் பல தொகுதி ஊசிகள் வரிசையாக இருந்தன. சிறு கந்தோர்களில் ஒற்றை எழுத்துத் தொகுதி கொண்ட கைக்கருவி போதுமாயிருந்தது.

கண்டிக்குத் தபால் வந்த வழி

1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குச் சென்றபோது கொழும்பிலிருந்து மலைக்கு ஏறும் பாதை, சுமை தூக்கிகளும் ஓட்டத் தபால்காரர்களும் செல்லும் காட்டு வழியாகவே இருந்தது. தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் காலத்தில் பொறியியலாளர் டோசன் கடுகண்ணாவைக் கணவாய் வழியே அமைத்த வீதிதான் மலைநாட்டைத் திறந்தது. 1832 இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. ஆசியாவிலேயே முதல் தபால் வண்டிச் சேவை இது என்று சொல்லப்படுவதுண்டு. மறு ஆண்டில் பேராதனையில் மகாவலியின் குறுக்கே முதிரை மரத்தாலான ஒற்றை வளைவுப் பாலம் எழுந்தபின் வண்டியும் கடிதமும் தடையின்றிக் கண்டிக்குள் வந்தன.

இலங்கையின் முதல் தபால் முத்திரை 1857 ஏப்ரல் 1 அன்று வெளியானது. விக்டோரியாவின் தலை பொறித்த ஆறு பென்ஸ் முத்திரை அது. அரை அவுன்ஸ் கடிதம் இங்கிலாந்துக்குச் செல்வதற்கான கட்டணம் அதுவே. 1867 இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. நாவலப்பிட்டிக்கு 1874 இலும், மாத்தளைக்கு 1880 இலும், ஹட்டனுக்கு 1884 இலும், நானுஓயாவுக்கு 1885 இலும் பாதை நீண்டது. 1872 இல் பவுனும் சில்லிங்கும் விலகி ரூபாவும் சதமும் வந்தன. முத்திரைகளின் பெறுமதியும் அதற்கேற்ப மாறியது. 1877 இல் இலங்கை உலகத் தபால் ஒன்றியத்தில் சேர்ந்தது. 1892 இல் ஓடும் புகையிரதத்திலேயே கடிதங்களைப் பிரித்து அடுக்கும் நடமாடும் தபாற்கந்தோர் தொடங்கியது. 1914 இல் தனுஷ்கோடி, தலைமன்னார் வழியாகப் புகையிரதமும் கப்பலும் இணைந்தபின் திருச்சிராப்பள்ளி, மதுரைக் கடிதங்களும் கண்டிக்கு விரைந்து வந்தன.

எண்பது ஆண்டுகளுக்கு மேலாக நிகழ்ந்த இந்த மாற்றங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மலைச்சரிவில் பயிரான பணம். கடிதம் விரைவாகப் போக வேண்டிய தேவை தோட்டத்துக்கு இருந்தது. அதற்கான செலவையும் தோட்டமே தாங்கியது.

கண்டியின் வணிக இல்லங்கள்

1824 ஆம் ஆண்டளவில் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்கு அண்மையிலுள்ள சின்னப்பிட்டியவில் கோப்பித் தோட்டம் போட்டார். 1830களின் இறுதியில் காடழிப்பு வேகம் பிடித்தது. தோட்டக்காரர்களுக்கு வேண்டிய சாமான்களைத் தருவிக்கவும், கடன் கொடுக்கவும், விளைச்சலை லண்டனுக்கு அனுப்பவும் நிறுவனங்கள் எழுந்தன. பின்னாளில் கார்கில்ஸ் என்று நாடெங்கும் பெயர் பெற்ற வணிகம் 1844 இல் வில்லியம் மில்ன் கண்டியில் தொடங்கிய கடையிலிருந்து வளர்ந்தது. 1854 இல் ஜோன் வோக்கர் கண்டியில் கோப்பி இயந்திரங்களுக்கான தொழிற்கூடத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு பெப்ரவரியில் இலங்கைத் தோட்டத்துரைமார் சங்கம் கண்டியில் கூடி உருவானது. கொழும்பிலோ 1835 இல் தொடங்கிய ஜோர்ஜ் ஸ்டூவர்ட் முதலிய முகவர் நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான தோட்டங்களின் கணக்கையும் கப்பலேற்றத்தையும் கையில் வைத்திருந்தன.

வங்கிகளில் முதன்மையானது ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம். 1841 இல் இலங்கையில் தொடங்கிய பழைய ‘பேங்க் ஒஃப் சிலோன்’ 1851 இல் இதனுடன் இணைந்தது. இன்றைய இலங்கை வங்கி அப்பெயரில் 1939 இல் தொடங்கிய வேறு நிறுவனம். ஓரியண்டல் வங்கி கோப்பித் தோட்டங்களுக்குத் தாராளமாகக் கடன் கொடுத்தது. அதன் தாள்கள் மலைநாட்டில் பணமாகப் புழங்கின. 1869 இல் கோப்பி இலைகளில் துருநோய் தென்பட்டது. பதினைந்து ஆண்டுகளில் கோப்பித் தொழிலே சரிந்தது. 1884 மே மாதம் ஓரியண்டல் வங்கி கதவடைத்தபோது மக்கள் கையிலிருந்த அதன் தாள்களுக்கு அரசு பொறுப்பேற்கும் என்று தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அறிவித்தார். அதன் விளைவாக மறு ஆண்டு முதல் அரசே நாணயத்தாள் வெளியிடத் தொடங்கியது. அந்த வங்கியின் ‘ஓ.பி.சி.’ என்னும் மூன்றெழுத்துத் துளையைத் தாங்கிய விக்டோரியா கால முத்திரைகள், அதனால், காலத்தைக் கணிக்க உதவும் சான்றுகள்.

கோப்பிக்குப் பின் தேயிலை வந்தது. ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1873 இல் அவர் தயாரித்த 23 இறாத்தல் தேயிலை லண்டன் சென்றது. டெய்லர் 1851 முதல் ஸ்கொட்லாந்திலிருந்த தந்தைக்கு எழுதிய கடிதங்கள் எடின்பரோவிலுள்ள ஸ்கொட்லாந்துத் தேசிய நூலகத்தில் உள்ளன. மலைநாட்டின் தொடக்க ஆண்டுகளைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி இப்படித் தபாலில் சென்ற தாள்களிலிருந்து கிடைத்தவைதான்.

தேயிலைக் காலத்தில் வங்கிகள் மேலும் பெருகின. 1888 இல் ஹட்டனில் ஒரு தனியார் வங்கி தொடங்கியது. நேஷனல் பேங்க் ஒஃப் இந்தியா கண்டியிலும் நுவரெலியாவிலும் கிளை வைத்திருந்தது. பின்னர் கிரிண்ட்லேஸ் என்ற பெயரில் நடந்த அக்கிளைகளும் ஹட்டன் வங்கியும் 1970 இல் ஒன்றாகி ஹட்டன் நஷனல் வங்கி ஆயின. ஒரே கட்டடம், ஒரே வாடிக்கையாளர், ஆனால் முத்திரையிலும் முகவரித்தாளிலும் எழுத்துகள் மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டிருந்தன.

தோட்டத்துத் தபால்

தோட்டத்துரைக்குக் கடிதம் எழுதுவது அன்றாட வேலையில் பாதி. முகவர் நிறுவனத்துக்கு மாதாந்தச் செலவுக் கணக்கு, வருட மதிப்பீடு, கொழுந்து விளைச்சல், மழையளவு, பெட்டிகள் எத்தனை எந்தப் புகையிரதத்தில் ஏறின என்ற விபரம் யாவும் தபாலில் சென்றன. முகவரிடமிருந்து தேயிலை ஏல விலையும், சம்பளப் பணத்துக்கான ஒழுங்கும், லண்டன் பணிப்பாளர்களின் குறைகளும் திரும்பி வந்தன.

இந்தக் கடிதங்களைத் தோட்டத்திலிருந்து அண்மைத் தபாற்கந்தோருக்குக் கொண்டு சென்றவர் தோட்டத்துத் தபால்காரர். தெல்தோட்டை, கலஹா, புசல்லாவை, மடுல்கலை, றங்கல எங்கும் அவர் இருந்தார். காலையில் பூட்டிய தபால் பையுடன் மலையிறங்கிச் சென்று, கடிதங்களை ஒப்படைத்து, வந்த கடிதங்களையும் பத்திரிகையையும் வாங்கிக்கொண்டு ஏறி வருவார். லயத்து மக்களுக்கு ஊரிலிருந்து வரும் கடிதமும் அவர் கையால்தான் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கணக்கப்பிள்ளையோ கங்காணியோ வாசித்துக் காட்டினர். மழையிலும் அட்டைக்கடியிலும் அன்றாடம் நடந்த அந்த மனிதர்களின் உழைப்பின் மேல்தான் மலைநாட்டுத் தபால் நின்றது.

துளையிடும் வழக்கத்தின் அடியில் அவநம்பிக்கை இருந்தது என்பதை இங்கே கூறியாக வேண்டும். முத்திரை காணாமற்போனால் சந்தேகம் எழுதுவினைஞர் மேலும் கடிதம் சுமப்பவர் மேலும் விழுந்தது. அவர்களில் பெரும்பாலோர் மிகக் குறைந்த சம்பளம் பெற்ற உள்ளூர் மக்கள். அதே மனிதர்களின் பொறுப்பில்தான் கம்பனியின் கணக்கும் காசோலையும் அன்றாடம் பயணம் செய்தன.

எழுத்தால் உடைமை குறிக்கும் வழக்கம்

பெயரின் முதலெழுத்தைப் பொருளின் மேல் பதித்து உடைமை காட்டுவது மலைநாட்டு வணிகத்தில் எங்கும் இருந்த பழக்கம். முத்திரைத் துளை அதன் ஒரு கூறு. கோப்பிப் பீப்பாய்களிலும் தேயிலைப் பெட்டிகளிலும் தோட்டத்தின் பெயரும் தரக்குறியும் தொகுதி எண்ணும் அச்சுத் தகட்டால் பதிக்கப்பட்டன. கொழும்பிலும் கண்டியிலும் வட்டித்தொழில் செய்த நாட்டுக்கோட்டைச் செட்டியார் நிறுவனங்கள் விலாசம் என்ற முதலெழுத்துத் தொடரால் அறியப்பட்டன. பேரேட்டிலும் உண்டியலிலும் அந்த எழுத்துகளே நிறுவனத்தின் பெயராக நின்றன.

இப்பழக்கம் மனிதர்களையும் விட்டுவைக்கவில்லை. தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதற்காக 1901 இல் தகரச் சீட்டு முறை தொடங்கியது. தோட்ட மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் தோட்டத்தைக் குறிக்கும் எண்ணும் பொறித்த சிறு தகர வில்லையைத் தொழிலாளர் கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணிந்தனர். அந்த வில்லையைப் பார்த்து முகாமிலும் புகையிரதத்திலும் அவரை உரிய தோட்டத்துக்கு அனுப்பி, வழிச்செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதினர். தொழிலாளரின் கடன் தொகையை எழுதி, ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அவரைக் கைமாற்றிய ‘துண்டு’ முறையும் அக்காலத்ததே. அது 1921 இல் சட்டத்தால் ஒழிந்தது. முத்திரையில் விழுந்த துளையையும் தகரத்தில் விழுந்த எழுத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான், அந்தப் பொருளாதாரம் எதை எல்லாம் தன் உடைமையாகக் கணக்கிட்டது என்பது முழுமையாகப் புரியும்.

அரசுக் கந்தோர்களோ வேறு வழி கண்டன. 1895 முதல் 1904 வரை ‘அரச பணி’ என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களை மேலச்சிட்ட முத்திரைகளை இலங்கை அரசு தன் கடிதங்களுக்குப் பயன்படுத்தியது. அச்சு அரசின் வழியாகவும் துளை கம்பனியின் வழியாகவும் அமைந்தன.

எந்த முத்திரைகளில் தேடுவது

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கை முத்திரைகள் பல, தபாலுக்கும் அரசிறைக்கும் பொதுவாகப் பயன்பட்டன. கடித உறையில் ஒட்டிய அதே முத்திரையைப் பற்றுச்சீட்டிலும் கடனுறுதிப் பத்திரத்திலும் ஒட்டி, அதன் மேல் கையொப்பமிட்டனர். வங்கிக்கும் வணிக இல்லத்துக்கும் இரண்டு தேவைக்கும் முத்திரை வேண்டும். எனவே துளையிட்ட முத்திரையில் தபாற்கந்தோரின் வட்ட இலச்சினைக்குப் பதிலாகப் பேனாக் கோடோ, ஊதா மையில் நிறுவனத்தின் பெயரும் தேதியுமோ காணப்படலாம். தபால் முத்திரை மட்டுமே வேண்டும் என்போர் இவற்றை ஒதுக்குவர். வணிக வரலாறு தேடுவோர் இவற்றையே விரும்புவர். நிறுவனத்தின் பெயர் முழுமையாக அகப்படுவது பெரும்பாலும் இத்தகைய மைப்பதிவில்தான்.

1935 முதல் மன்னரின் தலையுடன் நாட்டுக் காட்சிகளும் முத்திரைகளில் இடம்பெற்றன. இறப்பர் பால் வெட்டுதல், கொழுந்து பறித்தல், கொழும்புத் துறைமுகம், சிவனொளிபாதமலை ஆகியவற்றுடன் 25 சத முத்திரையில் கண்டித் தலதா மாளிகையும் வந்தது. 1947 இல் புதிய அரசியலமைப்பை ஒட்டி வெளியான தொகுதியில் 15 சத முத்திரை மீண்டும் தலதா மாளிகையைக் காட்டியது. தோட்டப் பொருளாதாரத்தின் படத்தையும் அதை நடத்திய கம்பனியின் எழுத்தையும் ஒரே தாள் துண்டில் காணும் வாய்ப்பு இக்காலத்து முத்திரைகளில் உண்டு.

துளையை வாசிக்கும் முறை

முத்திரையை முகம் கீழாகக் கறுப்பு அட்டையின் மேல் வைத்தால் துளைகள் கறுப்புப் புள்ளிகளாகத் தெளிவாக எழும். படத்தின் கோடுகளும் தபால் இலச்சினையின் மையும் கண்ணை மறைப்பதில்லை. பின்பக்கமிருந்து பார்ப்பதால் எழுத்துகள் இடம்வலம் மாறித் தெரியலாம் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். அதன்பின் நான்கு குறிப்புகள் எடுக்கப்படும்: என்ன எழுத்துகள், ஒவ்வோர் எழுத்துக்கும் எத்தனை துளைகள், எழுத்தின் உயரம் எத்தனை மில்லிமீற்றர், எழுத்துகள் எந்தத் திசையில் நிற்கின்றன.

திசை பற்றிய குறிப்புக்கு மேலே சொன்ன மடிப்பே காரணம். தாளை மடித்துத் துளையிடும்போது ஓர் அடுக்கில் எழுத்து நேராகவும் அடுத்த அடுக்கில் கண்ணாடி பிம்பமாகவும் விழும். தாளைச் செருகிய பக்கம் மாறினால் எழுத்து தலைகீழாகவோ படுத்தோ நிற்கும். முன்பக்கம், பின்பக்கம், நான்கு சுழற்சி எனக் கணக்கிட்டால் ஒரே அச்சுக்கு எட்டு நிலைகள் கிடைக்கின்றன. இவை பிழைகளாகா. எழுதுவினைஞர் ஒருவர் அன்று தாளை எப்படி மடித்தார் என்பதன் தடயம் அவை.

துளைகளின் எண்ணிக்கையும் முக்கியம். ஊசிகள் நாளடைவில் முறிந்தன. ஒன்பது துளையுள்ள ஓர் எழுத்து ஒரு முத்திரையில் எட்டுத் துளையுடன் கிடைத்தால், அது பிந்திய காலத்ததாக இருக்கலாம். ஊசி முறிந்த பதிப்புகளையும் தபால் இலச்சினைத் தேதிகளையும் வரிசைப்படுத்தினால் ஒரு கருவியின் வாழ்நாளையே எழுதிவிடலாம்.

எழுத்துக்கு உரியவரைக் கண்டறிவதுதான் கடினமான பகுதி. ஒரே இரண்டெழுத்து பல நிறுவனங்களுக்குப் பொருந்தும். நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட உறையிலேயே முத்திரை ஒட்டியிருந்தால் ஐயம் தீர்ந்தது. உறை இல்லையெனில் தபால் இலச்சினை உதவும். கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி, மாத்தளை என்று ஊரும் தேதியும் தெரிந்தால், அந்த ஆண்டு அந்த ஊரில் எந்தெந்த நிறுவனங்கள் இருந்தன என்று பார்க்கலாம். அதற்குச் சிறந்த துணை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து வெளிவந்த பெர்குசனின் இலங்கைக் கைநூல். தோட்டங்கள், அவற்றின் உரிமையாளர், துரைமார், முகவர் நிறுவனங்கள், வங்கிக் கிளைகள் என எல்லாவற்றையும் அது பட்டியலிடுகிறது. ஒரே எழுத்துத் துளை வெவ்வேறு ஊர் இலச்சினைகளுடன் கிடைத்தால் அது பல கிளைகளுடைய வங்கியாகவோ பெருவணிக இல்லமாகவோ இருக்கக்கூடும்.

ஒத்த தோற்றமுடைய வேறு துளைகளையும் பிரித்தறிய வேண்டும். உலகத் தபால் ஒன்றியத்தின் வழியாக மற்ற நாடுகளுக்கு அனுப்பிய மாதிரி முத்திரைகளில் ‘மாதிரி’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அச்சிட்டோரே துளையாகக் குத்தியிருப்பர். 1930களின் இலங்கை முத்திரைகளில் இது உண்டு; அது அரச அடையாளம். பத்திரங்களில் ஒட்டிய முத்திரையை மறுபடி பயன்படுத்தாமலிருக்க இட்ட பெருந்துளைகள் இரத்துக் குறிகள். கோப்புக் கம்பியில் குத்தியதால் விழுந்த ஒற்றைத் துளைக்கு எந்தப் பொருளும் இல்லை. அண்மைக் காலத்தில் விலைக்காகப் போலித் துளையிடுவோரும் உள்ளனர். தபால் இலச்சினையின் மை துளையின் உள்விளிம்பில் படிந்திருக்கிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்ப்பது ஒரு சோதனை. துளையிட்ட பின் இலச்சினை விழுந்திருந்தால் மை விளிம்பில் ஏறியிருக்கும். இலச்சினை விழுந்தபின் துளையிட்டிருந்தால் விளிம்பு வெள்ளையாக நிற்கும்.

வழக்கம் மறைந்ததும் சேகரிப்புத் தொடங்கியதும்

தபால் கட்டணத்தை நேரடியாக உறையில் அச்சிடும் இயந்திரத்தை உலகத் தபால் ஒன்றியம் 1920 இன் மட்ரிட் மாநாட்டில் ஏற்றுக்கொண்டது. அவ்வியந்திரத்தை வைத்திருந்த நிறுவனத்துக்கு இழுப்பறையில் முத்திரை சேமிக்கத் தேவையில்லை. களவாட எதுவும் இல்லை. பெரிய வங்கிகளும் வணிக இல்லங்களும் படிப்படியாக அதற்கு மாறின. துளையிடும் கருவிகள் கந்தோர் மூலைகளில் ஒதுங்கின. தொலைபேசியும் தந்தியும் கடிதங்களின் எண்ணிக்கையைக் குறைத்தன. 1972 இலும் 1975 இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. முகவர் இல்லத்துக்கும் தோட்டத்துரைக்கும் இடையே நூறாண்டுக்கு மேல் ஓடிய கடிதப் போக்குவரத்து அத்துடன் முடிந்தது. தோட்டங்களின் பழைய கடிதக் கட்டுகளில் எத்தனையோ, கந்தோர்கள் கைமாறியபோது எரிந்தும் கறையானுக்கு இரையாகியும் போயின.

பழைய முத்திரை ஏடுகளில் இடம்பெறாத துளை முத்திரைகளைத் தனிக் கல்வியாக்கியவர்கள் அமெரிக்கச் சேகரிப்பாளர்கள். 1940களில் அவர்கள் இதற்கெனக் கழகம் அமைத்தனர். பிரித்தானியாவிலும் அத்தகைய சங்கம் தோன்றியது. பேரரசின் குடியேற்ற நாடுகள் ஒவ்வொன்றுக்கும் எழுத்து வடிவங்களைத் தொகுத்துப் பட்டியலிடும் பணி அதிலிருந்து வளர்ந்தது.

கண்டிப் பகுதியில் இத்துறையில் இறங்குவோர் சில வழக்கங்களைக் கடைப்பிடிப்பது நல்லது. உறையோடு கிடைத்த முத்திரையை நீரில் ஊறவைத்து எடுக்கக்கூடாது. உறையும் இலச்சினையும் முகவரியும் சேர்ந்ததே சான்று. உறை கிழிந்திருந்தால் முத்திரையைச் சுற்றிய துண்டையாவது வெட்டிக் காக்க வேண்டும். பழைய பற்றுச்சீட்டு, காசோலை, கடனுறுதிப் பத்திரம் ஆகியவற்றில் ஒட்டிய முத்திரைகளையும் அப்படியே விட வேண்டும். எழுத்து, துளை எண்ணிக்கை, முத்திரையின் பெறுமதி, ஊர், தேதி ஆகிய ஐந்தையும் ஏட்டில் பதிந்தால், இன்னார் முத்திரை என்று இன்று தெரியாததும் நாளை வேறொருவரின் உறையால் தெளிவாகும். கொழும்பிலுள்ள தபால் அருங்காட்சியகமும், கண்டியில் கிளை கொண்டுள்ள தேசிய சுவடிகள் காப்பகமும், பெர்குசனின் கைநூல் தொகுதிகளும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

சந்தை விலையில் இவற்றில் பல மலிவானவை. துளையில்லாத அதே முத்திரையைவிடக் குறைந்த விலைக்கே பல இன்றும் கிடைக்கின்றன. ஆகவே பெருஞ்செல்வம் இல்லாதவரும் ஈடுபடக்கூடிய ஆய்வுத்துறை இது. கண்டியின் கோப்பி, தேயிலைக் காலத்தைப் பற்றி எழுதிய நூல்களில் பெரும்பாலானவை துரைமாரின் நினைவுகளையும் அரச அறிக்கைகளையும் நம்பியவை. எந்த நிறுவனம் எந்த ஊரிலிருந்து எந்த ஆண்டுவரை கடிதம் அனுப்பியது என்ற அன்றாடச் செய்தியை அந்நூல்கள் அரிதாகவே தருகின்றன. அந்த இடைவெளியை ஓரளவேனும் நிரப்பும் ஆற்றல் துளையிட்ட முத்திரைகளுக்கு உண்டு.